ஷேர்லியின் முற்றத்தைக் கூட்டிய மச்சாள்

போன ஞாயிறு காலை மெல்பேர்னிலிருந்து மச்சாள் போன் எடுத்தார். இவரின், அதாவது என் மனுசனின், அக்கா.

"யோகம்... ஷேர்லி தந்த பூக்கன்று எல்லாம் செத்துப்போச்சு."

குரல் சரியில்லை.

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"இலை எல்லாம் கறுத்து விழுந்திட்டுது. வெறும் தடிதான் நிக்குது."

"தொட்டனீங்களோ?"

"ஐயோ, விரலும் வைக்கேல்லை. உன்னைக் கேட்டுப்போட்டுத் தொடுவம் எண்டுதான் எடுத்தனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மச்சாள் ஒன்றைக் கேட்டுவிட்டுத் தொடுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கிழமை அதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு ஷேர்லியைத் தெரியும். சிட்னியில், டூங்கபியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. எண்பது தாண்டிய வெள்ளைக்கார மனுசி. தனிய இருக்கிறார். புதிதாக வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

அவர் வீட்டு முன்பக்கம் புல் கிடையாது. வேலியிலிருந்து வாசற்படி வரை பூக்கன்றுதான். சால்வியா, ஈஸ்டர் டெய்சி, விண்ட்ஃப்ளவர். பிறகு பேப்பர் டெய்சி — எங்கள் ஊர்க் கடதாசிப்பூ இல்லை, இது இந்த நாட்டுக் காட்டுப்பூ, தொட்டால் சரசரக்கும். இடையில் பொப்பி தன்பாட்டில் முளைக்கும். ஒன்றும் வரிசையில் நிற்காது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். நடுவில் ஒரு செங்கல் பாதை. பாதை இருக்கிறது என்று நம்பித்தான் காலை வைக்க வேண்டும்.

ஒருமுறை நட்டால் வருசா வருசம் வரும் சாதி இது. மழை பொய்த்தாலும் நிற்கும். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்து தெரு முழுக்கப் புல் மஞ்சளானபோதும் அந்த வீட்டில் மட்டும் பூ இருந்தது. நான் வேலை முடிந்து வந்து வேலிக்கு மேலால் பார்ப்பேன். பிஸ்கட் ஃபாக்டரியில் நாள் முழுக்கப் பெட்டி பார்த்த கண்ணுக்கு அது நல்லது.

இங்கே ஜூனில் குளிர் வரும். வந்தால் வேறு கதை.

இலை கருகும். தடி காயும். பிறகு நிலத்துக்கு மேலே ஒன்றும் இராது. உயிர் முழுக்க வேருக்குள் போய்ப் படுத்துவிடும். ஷேர்லி காய்ந்த தடியையும் வெட்டமாட்டார். விதை கீழே விழ வேண்டும், குருவி தின்ன வேண்டும் என்பார். தெரியாதவன் பார்த்தால் ஆள் இல்லாத வீடு என்று சொல்வான். எனக்கும் முதல் வருசம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பட்டது என்றால் பட்டதுதானே? தூங்கிவிட்டு எழும்புகிற செடியை அங்கே யார் கண்டது?

போன வருசம் ஜூனில் ஷேர்லி விழுந்தார். அந்தப் பாதையில்தான். சாய்ந்து கிடந்த செடியில் கால் தடக்கியது. இடுப்பெலும்பு.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தார்.

"யோகா, தோட்டத்தைப் பார்த்துக்கொள். ஒன்றும் செய்யாதே, லவ். நத்திங்."

என் பெயரை முழுக்கச் சொல்ல அவருக்கு வராது. லவ் என்பது இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது. ஆனால் அந்த நத்திங்கை அவர் எனக்கென்றே சொன்னார். எங்கள் ஆட்களை அவர் நிறையக் காலமாகப் பார்க்கிறார்.

இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சின்னதாகத் தெரிந்தார்.

"கிரெக் வீட்டை விற்கச் சொல்கிறான்" என்றார். கிரெக் ஒரே மகன். நல்ல பிள்ளை. தூரத்தில் இருக்கிறான். "அந்தக் காட்டுக்குள் இனி உன்னால் நடக்க முடியாது, முதியோர் நேர்சிங் ஹோமுக்குப் போ என்கிறான். அங்கே ஜன்னலில் ஒரு தொட்டி வைக்க விடுவார்களாம்."

ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஒரு தொட்டி" என்றார் திரும்பவும்.

முடிவு அவர் கையிலும் இல்லை, மகன் கையிலும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து வீட்டைப் பார்ப்பார். படி, குளியலறை, பாதை எல்லாம் பார்ப்பார். தடி பிடித்து நடக்கிற ஆள் இங்கே இருக்கலாம் என்று அவர் சொன்னால் வீடு. இல்லை என்றால் தொட்டி.

இந்த நேரம் பார்த்து மச்சாள் வந்து இறங்கினார்.

சிட்னியில் ஒரு கலியாண வீடு. அது முடிந்து எங்களோடு நின்றார். மச்சாளைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். விடியப் பல் தீட்ட முதல் முற்றம் கூட்டுகிற ஆள். முற்றத்தில் ஒரு புல் நின்றாலும் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. நோய் வருத்தக்காரர் உள்ள வீட்டு முற்றம் கூட்டாமல் கிடக்கக் கூடாது — அது அவருக்கு வேதம்.

நான் காலை வேலைக்குப் போய்விட்டேன். இவர் வீட்டில். முழங்கால் சரியில்லாமல் வேலையை விட்டவர். வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. தேத்தண்ணியோடு இருந்து ஷேர்லியின் கதையை முழுக்க அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார். விழுந்தது, இடுப்பு, மகன், தொட்டி... எல்லாம். ஒன்றைத் தவிர. அந்தக் காய்ந்த தடிக்குக் கீழே உயிர் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்தேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேனோ என்று நினைத்தேன்.

ஷேர்லியின் தோட்டம் இல்லை.

மண். வெறும் மண். அதில் விளக்குமாறு போட்ட கோடு வளைந்து வளைந்து கிடந்தது. செங்கல் ஒவ்வொன்றும் கழுவின மாதிரி. வாசற்படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

மச்சாள் விளக்குமாற்றோடு நின்றார். முகம் நிறையச் சந்தோசம்.

"எப்பிடி இருக்கு, யோகம்? பாவம் அந்த மனுசி, ஒரு கை உதவி இல்லாமல்... எல்லாம் பட்டுப்போய்க் கிடந்தது. வேரோட கிளப்பிப்போட்டன். இப்ப பார், கோயில் வீதி மாதிரி."



"நானும் உதவி செய்தனான்" என்றார் இவர். "குப்பைப் பாக் எல்லாம் நான்தான் தூக்கினது."

"எங்க போட்டனீங்கள்?"

"தோட்டக் குப்பை போடுற பச்சை பின்னுக்குள்ள. ஏன்?"

"அது சாகேல்லை" என்றேன்.

"எது?"

"எல்லாம்."

மச்சாள் சிரித்தார். "விசர்க்கதை கதையாத. நான் காணாத பூக்கண்டோ?"

நான் பின்னைச் சரித்தேன். கைக்கு வந்த ஒரு வேரை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை. ஈரம். நுனியில் அரிசி அளவில் ஒரு முளை. மச்சாளின் கையில் வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் சுத்தமான பாதையில் அப்படியே குந்திவிட்டார்.

"உயிரோட இருந்ததையோடி பிடுங்கினன்..."

"அக்கா, உமக்குத் தெரியாது தானே" என்றார் இவர்.

"நீ பேசாத! காலமை முழுக்க வாய் ஓயாமல் கதைச்சாய். அதை மட்டும் ஏன்டா சொல்லேல்லை?"

இவருக்கு முதல் தரமாகப் பதில் வரவில்லை. குறித்து வைக்க வேண்டிய நாள்.

இருட்ட முதல் மூன்று பேருமாகத் திரும்ப நட்டோம். எது எது என்று எப்படித் தெரியும்? வேருக்கு முகமா இருக்கிறது? மண்ணைக் கிண்டினோம், வைத்தோம், மூடினோம். மச்சாள் உடைந்த துண்டையும் விடவில்லை. விரல் நீளத் துண்டைக்கூட ஒரு பிள்ளையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தினார். கட்டுப்பாட்டில் தண்ணீர் விடுகிற நாளும் இல்லை அது. குளித்த தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றினோம்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறைத்து வைக்கிற விசயமா இது? மச்சாளும் வெளிக்கிட்டார்.

"நீங்கள் வர வேண்டாம்" என்றேன்.

"செய்தது நான். நீ போய்ச் சொன்னால் அது கோள்."

ஃபிளாஸ்கில் மரக்கறி சூப்போடு வந்தார். ஷேர்லியின் கட்டிலடியில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

"சொறி" என்றார். "ஐ கிளீன். ஓல் கிளீன்."

ஷேர்லி என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். பிடுங்கினது, பச்சை பின்னில் போட்டது, திரும்ப நட்டது. நாலு வசனம்தான் என் இங்கிலீசில் இருந்தது. அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

ஷேர்லி கண்ணை மூடினார். மூடிய கண் திறக்கவில்லை. மச்சாள் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தோட்டத்துக்காகத்தானே இந்த மனுசி எழும்பி நடக்கப் பழகுகிறார்? இனி எதற்கு நடப்பார்?

"செங்கல்?" என்றார் ஷேர்லி. கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

"என்ன?"

"பாதை. செங்கல் தெரிகிறதா?"

"ஓம். எல்லாக் கல்லும்."

கண் திறந்தது.

"அந்தப் பெண் வியாழக்கிழமை வருகிறாள்" என்றார். "செங்கல்லை அப்படியே வைத்திரு." மச்சாளைப் பார்த்தார். "அந்த சூப்பில் உறைப்பு இருக்கிறதா?"

வியாழன் விடிய மச்சாள் பாதையைத் திரும்பக் கூட்டினார். இந்த முறை செங்கல்லை மட்டும். மண் பக்கம் விளக்குமாறு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரிப் பெண் வந்தார். கிரெக்கும் வந்தான். கேற்றடியில் நின்று பார்த்தான், தெரு மாறிவிட்டதோ என்ற மாதிரி.

"இங்கே ஒரு காடு இருந்ததே?"

இவர் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். வாய் மூடியது.

அந்தப் பெண் பாதையை அளந்தார். நடந்து பார்த்தார். படியில் குனிந்தார். "இதென்ன மஞ்சள்?"

"ஃபோர் குட் லக்" என்றார் இவர். அதற்கு மட்டும் நான் விட்டேன்.

அவர் சிரித்தார். படிக்கு ஒரு கைப்பிடி போட வேண்டும், குளியலறைக்கு ஒரு கைப்பிடி போட வேண்டும். பாதை நல்லது. ஷேர்லி வீட்டுக்கு வரலாம் என்றார்.

கிரெக் என்னிடம் வந்து தாங்ஸ் சொன்னான். நான் மச்சாளைக் காட்டினேன். அவன் மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினான். மச்சாள் அழுதுவிட்டார். வெள்ளைக்காரப் பிள்ளை பயந்துபோனான்.

ஓகஸ்ட் கடைசியில் ஷேர்லி வீட்டுக்கு வந்தார். மச்சாள் அதற்குள் மெல்பேர்ன் போய்விட்டார். கேற்றடியில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஷேர்லி நின்றார். மண்ணைப் பார்த்தார். வேலியிலிருந்து படி வரை, படியிலிருந்து வேலி வரை.

"உன் மச்சாள் அரைகுறை வேலை செய்வதில்லை" என்றார்.

உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தோம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். வீடு வந்தாயிற்று. வந்து என்ன? ஒவ்வொரு காலையும் ஷேர்லி வெளியே வந்து நடைவண்டியோடு நிற்பார். என் குசினி ஜன்னலால் தெரியும். குனிய முடியாது. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்ப்பார். உள்ளே போவார். முற்றம் வெறுமையாகவே கிடக்கும்.

ஞாயிறு ஞாயிறு மச்சாள் போன் எடுப்பார்.

"முளைச்சிட்டுதோ?"

"இல்லை."

"ஐயோ... பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறன்."

வெள்ளைக்காரியின் ஈஸ்டர் டெய்சிக்காகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தது உலகத்திலேயே மச்சாள் ஒருவராகத்தான் இருக்கும்.

ஒரு நாள் வேலிப் பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். திரும்ப விழுந்துவிட்டாரோ என்று பயம். ஷேர்லி தடியால் நிலத்தைக் காட்டினார். கிட்டப் போய்க் குனிந்தேன்.

பச்சை. கடுகளவு. ஒன்று இல்லை — மண் முழுக்க, யாரோ கைப்பிடியால் எறிந்த மாதிரி.

பொப்பியும் பேப்பர் டெய்சியும். வருசக்கணக்காக விதை விழுந்து, மேலே சருகும் செடியும் மூடி, வெளிச்சம் படாமல் கிடந்திருக்கிறது. மச்சாள் கிண்டினார். நாங்களும் திரும்பக் கிண்டினோம். வெயில் பட்டது. எழும்பிவிட்டது. காட்டுப்பூவுக்கு இப்படி வெறும் மண்தான் வேண்டுமாம். ஷேர்லி சொன்னார். இவ்வளவு காலமும் தெரிந்திருந்தும் தனக்குக் கிளப்ப மனம் வரவில்லையாம்.

பின்னால் மற்றவையும் தலையைக் காட்டின. எல்லாம் இடம் மாறி. உயரமானது முன்னுக்கு, கட்டையானது பின்னுக்கு. பஸ்ஸில் சனம் ஏறின மாதிரி. ஒரு பழைய சால்வியா வரவில்லை. ஷேர்லி அந்த இடத்தைச் சில நாள் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

நவம்பரில் தெருவில் போகிற கார் மெல்லப் போனது. சிவப்பும் மஞ்சளும் அப்படி ஒரு பூ. பாதைப் பக்கம் சாய்வதை மட்டும் நான் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன். கிரெக்குக்குக் கொடுத்த வாக்கு. ஷேர்லி கதிரை போட்டு இருப்பார். இரு என்பார். நானும் இருப்பேன். இரண்டு பேரும் பேசமாட்டோம். நல்ல பேச்சு அது.

பிள்ளையாருக்கு மச்சாள் தேங்காய் உடைத்தார்.

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் செய்யத் தெரியும். கூட்டத் தெரியும், கழுவத் தெரியும், ஓடி வந்து உதவத் தெரியும். சும்மா விட மட்டும் தெரியாது. பிள்ளை அறைக்குள் இருந்து படித்தால் மூன்று தரம் தேத்தண்ணியோடு போவோம். கொஞ்ச நாள் வாய் திறக்காமல் இருந்தால் என்ன பிரச்சினை என்று தோண்டுவோம். குளிருக்குத் தூங்குகிறது என்று விடமாட்டோம். அதே நேரம்... யாரும் கிண்டாவிட்டால் சில விதை முளைக்கிறதும் இல்லை. எதை விடுவது, எதைக் கிண்டுவது? எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இந்த மே மாதம் வேலிக்கு மேலால் ஒரு பை வந்தது. உள்ளே வேரும் மண்ணுமாகப் பூக்கன்று.

"உன் மச்சாளுக்கு" என்றார் ஷேர்லி. "என் அன்போடு என்று சொல்."

இங்கே வந்த மருமகன், மச்சாளின் மகன், காரில் கொண்டுபோய்க் கொடுத்தான். மச்சாள் அவனோடு மெல்பேர்னில், ட்ருகனினாவில் இருக்கிறார். புது வீட்டு எஸ்டேட். வீட்டுக்கு வீடு ஒரே நிறக் கல், ஒரே அளவுப் புல். அதன் நடுவில் மச்சாள் நாலு பக்கமும் கல் வைத்து, ஷேர்லி தந்ததை நட்டார். குளிர் வந்தது. இலை கறுத்தது. போன் வந்தது.

"சாகேல்லை மச்சாள்" என்றேன். "தூங்குது."

"உண்மையாவோ?"

"ஓம். செப்டெம்பர் வரைக்கும் ஒண்டும் செய்யாதேங்கோ."

"செப்டெம்பர் வரைக்குமோ! அயல்சனம் என்ன நினைக்கும்? வாசல்ல இப்பிடிச் சருகு கிடக்க..." பிறகு மச்சாளே சொன்னார். "சரி. அது கிடக்கட்டும். சுத்திவர மட்டும் கூட்டட்டோ?"

"கூட்டுங்கோ."

"கிட்டப் போகமாட்டன்."

"ஓம்."

"நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லி வை அந்த மனுசியிட்ட."

பின்னேரம் ஷேர்லியிடம் சொன்னேன். மச்சாள் பயந்துபோய் இருக்கிறார், செடி செத்துவிடும் என்று இரவில் நித்திரையும் இல்லை என்று. ஷேர்லி நன்றாகச் சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் கொடுத்தது விண்ட்ஃப்ளவர், லவ். நான் கலியாணம் கட்டி வந்தபோது என் மாமியார் கொண்டுவந்து நட்டது. அன்றிலிருந்து பிடுங்குகிறேன். ஒரு துண்டு வேர் இருந்தால் பத்துக் கன்று. உன் மச்சாள் உடைத்து நட்டபிறகு இங்கே நூறு நிற்கிறது. அவள் கூட்டினாலும் சாகாது, கொத்தினாலும் சாகாது. அதனால்தான் அவளுக்கு அதைக் கொடுத்தேன்."

இதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு துண்டு நிலத்தைக் கூட்டாமல் விட்டிருக்கிறார். கெடுப்பானேன்?

மச்சாள் பேப்பர் வாசிப்பதில்லை. இவர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் சரி.